ரயில் ஊதலைக் குறைக்க எதைக் கேட்பது? தண்டவாளத்தோரக் குடியிருப்புகளுக்கு ஓர் ஒப்பீடு

கோவையில் பீளமேடு தொடங்கி சிங்காநல்லூர், இருகூர் வரை. திருப்பூரில் வஞ்சிபாளையத்திலிருந்து ஊத்துக்குளி வரை. ஈரோட்டில் ரயில்வே காலனியைச் சுற்றி. வடக்கே துடியலூர், காரமடை. தண்டவாளத்தை ஒட்டிய காடுகளெல்லாம் மனைப்பிரிவுகளாகிவிட்டன. சோளத்தட்டும் பருத்தியும் நின்ற இடத்தில் இன்று படுக்கையறைகள் இருக்கின்றன. ஊதல் மட்டும் அதே ஊதல்தான்.

"போத்தனூருக்கு ரயில் 1862-லேயே வந்துவிட்டது, மேட்டுப்பாளையத்துக்கு 1873-ல். பின்னால் வந்து பக்கத்தில் வீடு கட்டியது நீங்கள்தானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாதம் சரி. ஆனால் அதைச் சொல்லிவிட்டதால் இரவு இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு அழும் கைக்குழந்தை தூங்கிவிடப் போவதில்லை. முதல் ஷிப்டுக்கு ஐந்து மணிக்கு எழ வேண்டிய மில் தொழிலாளியின் தூக்கமும் திரும்பி வராது. இது தீர்க்க வேண்டிய பிரச்சினைதான். எப்படி என்பதில்தான் சங்கத்துக்குச் சங்கம் கருத்து மாறுகிறது.

"ஏனுங்க, ராத்திரிலயாவது ஊதாம போகக் கூடாதுங்களா?" என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் கோரிக்கை. பெரும்பாலான மனுக்களும் அந்த ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒற்றை வரி மனுவில் நான் கையெழுத்திட மாட்டேன். லோகோ பைலட் (ரயில் ஓட்டுநர்) ஊதுவதற்கான காரணத்தை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கும் மனு என்றால் முதல் கையெழுத்து என்னுடையது. ஏன் என்பதை ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

உங்கள் இடத்தில் எதற்காக ஊதுகிறார்கள்?

இதைக் கண்டுபிடிக்காமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்க முடியாது. காரணங்கள் பெரும்பாலும் நான்குதான்.

முதலாவது, ரயில்வே கேட். கேட்டுக்குப் பொதுவாக 600 மீட்டர் முன்பாகத் தண்டவாளத்தின் ஓரத்தில் மஞ்சள் பலகை ஒன்று நிற்கும். அதைக் கண்டதும் லோகோ பைலட் ஊதத் தொடங்கி, கேட்டைத் தாண்டும்வரை ஊத வேண்டும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்த 600 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 22 விநாடி ஆகும். 60 கி.மீ. வேகத்தில் உருண்டுவரும் கூட்ஸ் வண்டிக்கு 36 விநாடி. மெதுவாக வரும் வண்டிதான் அதிக நேரம் தூக்கத்தைக் கெடுக்கிறது. அதனால் "வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று சிலர் தரும் யோசனை ஊதல் விஷயத்தில் எதிர்ப்பலனையே தரும்.

இரண்டாவது, தண்டவாளத்தில் நடக்கும் ஆட்கள். இதற்குப் பலகை கிடையாது. ஆளைக் கண்டால் ஊதுவார்கள். வழக்கமாக ஆள் குறுக்கே போகும் இடம் என்று தெரிந்துவிட்டால் காணாமலும் ஊதுவார்கள். முழு வேகத்தில் வரும் வண்டி அவசர பிரேக் போட்டாலும் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் நிற்கிற ஆளைக் காப்பாற்ற லோகோ பைலட்டிடம் இருக்கும் ஒரே கருவி ஹாரன்தான். மின்சார எஞ்சினும் 2023-லிருந்து கோவைக்கு வந்துபோகும் வந்தே பாரத்தும் பழைய டீசல் எஞ்சின்போலத் தொலைவிலிருந்தே தடதடத்து அறிவிப்பதில்லை. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தண்டவாளத்தில் நடப்பவர்களும் கூடிவிட்டார்கள். ஊதலின் தேவை கூடியிருக்கிறதே ஒழியக் குறையவில்லை.

மூன்றாவது, நிலையமும் யார்டும். போத்தனூர், இருகூர், ஈரோடு போன்ற இடங்களில் புறப்படும் முன் ஒரு சிறு ஊதல், பெட்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் ஷண்டிங்கின்போது சிறு சிறு ஊதல்கள். நீளம் குறைவு, எண்ணிக்கை அதிகம்.

நான்காவது, வளைவு, பாலம், பார்வை மறையும் வெட்டுப்பள்ளம். மதுக்கரைக்கும் வாளையாருக்கும் இடைப்பட்ட காட்டுத் தடத்தில் யானையும் ஒரு காரணம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே ரயிலில் அடிபட்டு மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு 12 கோபுரங்களில் கேமராக்கள் பொருத்தி, செயற்கை நுண்ணறிவால் யானையை முன்கூட்டியே கண்டு எச்சரிக்கும் ஏற்பாட்டை வனத்துறை 2024-ல் மதுக்கரையில் தொடங்கியது. அந்தத் தடத்தில் ஊதலைக் குறைக்க யாரும் மனுப்போடக் கூடாது என்றே நினைக்கிறேன். இக்கட்டுரையில் இனி வருவது எதுவும் அந்தப் பகுதிக்குப் பொருந்தாது.

உங்கள் இடத்துக்கு எது காரணம் என்று அறிய, மொட்டைமாடியில் ஒரு நோட்டோடு சில இரவுகள் உட்கார்ந்தால் போதும். ஊதல் கேட்ட நேரம், எத்தனை விநாடி, நீண்ட ஒற்றை ஊதலா விட்டுவிட்டு வந்ததா, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எழுதுங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடித்தால் அது கேட் ஊதல். வண்டிக்கு வண்டி இடம் மாறி, திடீரென்று படபடவென்று வந்தால் ஆட்களுக்கான ஊதல். இந்த நோட்டு பின்னால் மனுவோடு இணைக்கவும் உதவும்.

எவ்வளவு சத்தம்?

அமெரிக்க விதி எஞ்சின் ஹாரனின் அளவை, எஞ்சினுக்கு முன்னால் 100 அடி தூரத்தில் 96 முதல் 110 டெசிபல் என்று வரையறுத்திருக்கிறது. கணக்குக்கு அதையே எடுத்துக்கொள்வோம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும். 100 அடி என்பது 30 மீட்டர். 240 மீட்டருக்குள் அது மூன்று முறை இரட்டிக்கிறது. ஆக 240 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டு வாசலிலும் 78 முதல் 92 வரை கேட்கும். ஹாரன் முன்னோக்கி ஊதுவதால் பக்கவாட்டு வீடுகளுக்கு இதைவிடச் சற்றுக் குறையும். தண்டவாளம் வளையும் இடத்தில், வரும் எஞ்சினுக்கு நேரெதிரே அமைந்துவிட்ட வீடுகளுக்கு முழுதும் வந்து விழும்.

நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வைத்திருக்கின்றன. அது சராசரிக் கணக்கு. ஒற்றை ஊதலின் உச்சத்தை அதோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. மனுவில் இந்த இரண்டையும் அருகருகே வைத்து "இரண்டு மடங்கு மீறல்" என்று எழுதினால், படிக்கும் பொறியாளர் அந்த வரியிலேயே மனுவை மூடிவிடுவார்.

நம் பகுதிக்கே உரிய இரண்டு விஷயங்கள் இதில் சேரும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்று ஒலியைக் கிழக்கே தள்ளிக்கொண்டு போகும். கேட்டுக்குக் கிழக்கே இருப்பவர்களுக்கு அந்த மாதங்களில் ஊதல் நெருங்கி வந்ததுபோல் இருக்கும். மார்கழி, தையில் வேறு கதை. காற்றில்லாத குளிர் இரவில் தரையோரக் காற்று குளிர்ந்தும் மேலே உள்ளது சூடாகவும் இருக்க, ஒலி மேலே போகாமல் வளைந்து கீழேயே வரும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓடும் வண்டியும் கேட்பது அதனால்தான். ஆகையால் ஏதோ ஒரு மாதத்தில் அளந்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

வழி ஒன்று: இரவில் ஊதத் தடை

செலவில்லாத வழி, உடனே பலன் தரும் வழி. இதைச் செய்து பார்த்த ஊர்களின் அனுபவம் நம்மிடம் இருக்கிறது.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1984-லிருந்து, ஒரு ரயில் பாதையின் கேட்டுகளில் இரவு ஊதலுக்கு உள்ளூர் நிர்வாகங்கள் தடை போட்டன. அத்தனையும் தானியங்கித் தடுப்பும் மின்னும் விளக்கும் பொருத்திய கேட்டுகள். தடைக்குப் பின் அங்கே இரவு நேர மோதல் விகிதம் 195 சதவீதம் கூடியது. ஏறக்குறைய மூன்று மடங்கு. 1991-ல் மத்திய ரயில்வே நிர்வாகம் அவசர ஆணை போட்டு ஊதலைத் திரும்பக் கொண்டுவந்ததும் மோதல்கள் பெருமளவு குறைந்தன. தடுப்பும் விளக்கும் இருந்தும் ஊதல் உயிர்களைக் காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிரிட்டன் வேறு மாதிரி போனது. அங்கே 2007-ல், ஊதல் பலகைகளுக்கு இரவு 11 முதல் காலை 7 வரை ஓய்வு கொடுத்தார்கள். தண்டவாளத்தில் ஆளைக் கண்டால் மட்டும் ஊத வேண்டும். பின்னாளில் அந்த நேரத்தை நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை என்று சுருக்கிக்கொண்டார்கள். அங்கே ரயில் பாதை நெடுகிலும் வேலி உண்டு, நள்ளிரவுக்குப் பின் பயணி ரயில்கள் மிகக் குறைவு. அதனால் அது அங்கே தாங்கியது.

நம் பாதையைப் பாருங்கள். ஈரோடு–கோவைத் தடம் இரவில்தான் விழித்திருக்கிறது. சென்னை போகும் சேரன், கேரளத்துக்குப் போகும் நெடுந்தூர வண்டிகள், இடையிடையே கூட்ஸ். திருப்பூரில் ஏற்றுமதி அவசரம் வந்துவிட்டால் பனியன் கம்பெனிகள் இரவு முழுக்க ஓடும். ஷிப்டு முடித்த பெண்கள் நடுநிசியில் தண்டவாளம் தாண்டி வீட்டுக்கு நடப்பார்கள். அந்த நேரத்தில் ஊதலை நிறுத்துவதால் யாருக்கு லாபம், யாருக்கு ஆபத்து என்று யோசித்தால், தூங்குபவரின் நிம்மதியை நடப்பவரின் உயிர்மேல் சுமத்துகிறோம் என்பது விளங்கும். அதனால்தான் தனியாக இதைக் கேட்பதை எதிர்க்கிறேன். மேட்டுப்பாளையம் தடத்தில் நள்ளிரவு ஓட்டம் அரிது. அங்கே இந்தத் தடை வாங்கினாலும் பெரிதாகக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

வழி இரண்டு: கேட்டைப் பலப்படுத்திவிட்டு ஊதலைக் குறைப்பது

புளோரிடா பாடத்துக்குப் பின் அமெரிக்கா எடுத்த முடிவு இது. 2005-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஒரு நகரம் தன் கேட்டுகளை முழு அடைப்பு கொண்டதாக மாற்றினால், அல்லது எதிர்ப்புறம் வளைந்து புக முடியாதபடி சாலை நடுவே தடுப்பு கட்டினால், குறைந்தது அரை மைல் நீளப் பாதைக்கு அமைதிப் பகுதி கேட்கலாம். கனடாவிலும் நகராட்சி கேட்டுப் பெறும் இதுபோன்ற முறை உண்டு. இரண்டிடத்திலும் ஆபத்து தெரிந்தால் ஓட்டுநர் ஊதலாம்.

நம் கேட்டுகளுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. அமெரிக்கக் கேட்டுகளில் பல, சாலையின் பாதியை மட்டும் மறிப்பவை. நம் ஊர்க் கேட் முழுச் சாலையையும் இருபுறமும் மறிக்கிறது. ஆளும் நிற்கிறார். கேட் இன்டர்லாக் செய்யப்பட்டிருந்தால், அது மூடிப் பூட்டாமல் ரயிலுக்கு சிக்னல் விழாது. அகலப்பாதையில் ஆளில்லாக் கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிக்கப்பட்டுவிட்டன. ஆக, இன்டர்லாக் உள்ள கேட்டில் வாகனம் வண்டிக்கு முன் வந்து நிற்கும் வாய்ப்பு மிகச் சிறியது.

இன்டர்லாக் இல்லாத கேட்டில் நிலைமை வேறு. நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்ல, கேட் கீப்பர் மூடிவிட்டு, மூடியதற்கு உறுதியாக எண் பரிமாறிக்கொள்வதில்தான் எல்லாம் நிற்கிறது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மாணவர்கள் இறந்தது அப்படிப்பட்ட கேட்டில்தான். அதன் பின் இன்டர்லாக் செய்வதற்கான வரம்பை, 24 மணி நேரத்தில் ஓடும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கிவரும் 'ரயில் வாகன அலகில்', 20,000-லிருந்து 10,000 ஆக ரயில்வே குறைத்தது. உங்கள் பக்கத்துக் கேட் இன்னும் இன்டர்லாக் ஆகவில்லை என்றால், ஊதலைப் பற்றிப் பேசும் முன் அதைக் கேளுங்கள். அந்தக் கேட்டில் ஊதலைக் குறைக்கச் சொல்வது எந்த வகையிலும் நியாயமாகாது.

இன்டர்லாக் ஆன கேட்டிலும் மிஞ்சும் ஆபத்து எது? மூடிய கேட்டுக்கு அடியில் வண்டியைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போகும் இருசக்கர வாகனக்காரர். எல்லாரும் பார்த்திருக்கிறோம். கட்டைக்கு அடியில் தொங்கும் வலை, ஓரத்தில் நடந்து புகும் இடைவெளியை அடைக்கும் சுவர், ஒரு நடைமேம்பாலம் ஆகியவை சேர்ந்தால் கேட் உண்மையிலேயே மூடியதாகும். ஆனால் இதற்கெல்லாம் பிறகு ஊதலைக் குறைக்கும் வழி நம் விதியில் இன்று இல்லை. மாநகராட்சியோ ஊராட்சியோ விண்ணப்பித்து ரயில் ஊதலுக்கு விலக்கு வாங்கும் நடைமுறை நம்மிடம் கிடையாது. கொள்கை அளவில் வர வேண்டிய மாற்றம் இது. நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். வரும் பொங்கலுக்குள் தூங்க விரும்பும் குடியிருப்புக்கு இது விடையாகாது.

வழி மூன்று: கேட்டிலேயே ஹாரன்

எஞ்சின் 600 மீட்டர் நெடுக ஊதிக்கொண்டு வருவதற்குப் பதில், கேட்டில் நட்ட கம்பத்தில் ஹாரனை வைத்து, சாலையின் இரு பக்கமும் நோக்கி ஒலிக்கச் செய்வது. தண்டவாளச் சுற்று ரயில் வருவதை உணர்ந்து ஹாரனை இயக்கும். அது ஒலிக்கிறது என்பதை ஒரு விளக்கு ஓட்டுநருக்குக் காட்டும். விளக்கு எரியாவிட்டால் அவர் தானே ஊதுவார். அமெரிக்காவில் எஞ்சின் ஊதலுக்கு மாற்றாக இதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சத்தம் பரவும் பரப்பு பல மடங்கு சுருங்குகிறது.

தாளில் எனக்கு மிகவும் பிடித்த வழி. நம் கேட்டுகளைச் சுற்றிப் பார்த்தால் தயக்கம் வருகிறது. கேட்டடியில்தான் டீக்கடை, மளிகைக்கடை, மாடியில் வீடு. நூறு குடும்பத்துக்குப் போகும் சத்தத்தைப் பத்துக் குடும்பத்தின் தலையில் கொட்டுவதாக ஆகும். தண்டவாளம் நெடுக நடக்கும் ஆட்களுக்கும் இது உதவாது, அவர்களுக்கு எஞ்சின் ஊதியே ஆக வேண்டும். புதிய கருவி என்பதால் லக்னோவில் உள்ள ரயில்வேயின் வடிவமைப்பு நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும். ஓரிடத்தில் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று கேட்பதில் தவறில்லை, அவ்வளவே.

வழி நான்கு: கேட்டையே எடுத்துவிடுவது

கேட் இல்லையென்றால் பலகை இல்லை, பலகை இல்லையென்றால் கேட் ஊதல் இல்லை. ரயில்வேயும் இதைத்தான் விரும்புகிறது. ஒவ்வொரு கேட்டும் அவர்களுக்கு ஆள் செலவு, தாமதம், விபத்து அபாயம். நம் விருப்பமும் அவர்கள் விருப்பமும் ஒன்றுசேரும் ஒரே இடம் இது என்பதால் மனுவுக்கு வலு கூடுகிறது.

மேம்பாலமா, கீழ்ப்பாலமா என்பதில்தான் அடுத்த தேர்வு. ரயில் வாகன அலகு ஒரு லட்சத்தைத் தாண்டினால், ரயில்வேயும் மாநில அரசும் பாதிப்பாதிச் செலவில் மேம்பாலம் கட்டலாம். லாரி, பேருந்து, தீயணைப்பு வண்டி எல்லாம் போகும். வெள்ளம் நிற்காது. ஆனால் தண்டவாளத்துக்கு மேலான பகுதியை ரயில்வே கட்டி முடித்த பின்னும் இருபுற இறக்கத்துக்கு நிலம் எடுப்பதில் ஆண்டுகள் ஓடிவிடும். கோவையில் தண்ணீர்ப்பந்தல் சாலை மேம்பாலமும் எஸ்.ஐ.எச்.எஸ். காலனி மேம்பாலமும் அப்படி நீண்டகாலம் பாதியில் நின்றதை அந்தப் பக்கத்தினர் மறக்க மாட்டார்கள். இறக்கம் எங்கே முடிகிறதோ, அதன் இருபுறக் கடைக்காரர்களும் வழக்குப் போடுவார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

உயரம் குறைந்த சுரங்கப்பாதை விரைவானது. முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பெட்டிகளை, சில மணி நேரம் ரயிலை நிறுத்திவைத்துத் தண்டவாளத்துக்கு அடியில் இறக்கிவிடுவார்கள். நிலமெடுப்பு குறைவு, செலவும் மேம்பாலத்தோடு ஒப்பிட்டால் சிறுபங்கு. குறைகள் இரண்டு. ஒன்று உயரம். சோமனூர்ப் பக்கம் பாவு ஏற்றிய டெம்போ நுழைந்துவிடும். தட்டுப்போர் ஏற்றிய டிராக்டரும் பள்ளிப் பேருந்தும் நுழையாமல் போகலாம். இன்னொன்று தண்ணீர். ஐப்பசி, கார்த்திகையில் கோவையின் அவினாசி சாலைக் கீழ்ப்பாலமும் லங்கா கார்னரும் குளமாவதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பள்ளத்தில் சேரும் நீர் தானாக வெளியேற அருகில் தாழ்ந்த ஓடையோ பள்ளவாரியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மோட்டாரை நம்பித்தான் பாலம் நிற்கும், மழையன்று முதலில் போவது மின்சாரம்.

இருந்தாலும் ஓரளவு சரிவான நிலத்தில், கனரக வாகனத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வேறு வழி இருக்கும் இடத்தில், நான் சுரங்கப்பாதையைத்தான் தேர்ந்தெடுப்பேன். பத்தாண்டு காத்திருந்து வரும் மேம்பாலத்தைவிட, நீர்வழியோடு ஒழுங்காகக் கட்டிய சுரங்கப்பாதை மேல்.

வழி ஐந்து: வேலியும் நடைவழியும்

கேட்டே இல்லாத இடத்தில் ஊதல் அதிகம் என்றால் காரணம் நாம்தான். பல மனைப்பிரிவுகளின் பின்சுவரில் ஓர் ஓட்டை இருக்கும். பேருந்து நிறுத்தத்துக்கு அதுதான் குறுக்குவழி. பால் வாங்க, பள்ளிக்கு, மில்லுக்கு, கல்லூரிக்கு என்று நாள் முழுக்க அதன் வழியாக ஆள் போகும். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவுப்படி அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம்வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம். அந்தச் சட்டத்தால் ஓட்டை அடைபட்டதாக நான் பார்த்ததில்லை. ஊதலைக் குறைக்கச் சொல்லும் சங்கம், தன் சுவரின் ஓட்டையை அடைக்கத் தானே தீர்மானம் போட வேண்டும். போட்டால் அந்த மனுவுக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு.

ஆனால் அடைத்தால் மட்டும் போதாது. மாற்று வழி தராத வேலியை ஒரு மாதத்தில் வெட்டிவிடுவார்கள். நடைமேம்பாலம் என்றால் 25 கே.வி. மின்கம்பிக்கும் மேலே ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரரும் சைக்கிள்காரரும் கூடை சுமப்பவரும் அதில் ஏற மாட்டார்கள், மறுபடி தண்டவாளத்தில்தான் இறங்குவார்கள். நடப்போருக்கான சுரங்கவழி அதில் பாதி ஆழம் இறங்கினால் போதும், சாய்தளமும் அமைக்கலாம். இரவு விளக்கும் இருபுறமும் உள்ளே தெரியும்படியான நேர்ப்பாதையும் இல்லாவிட்டால் இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்கள் அதைத் தொட மாட்டார்கள். எந்த வடிவம் என்பதை அந்தப் பெண்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வேகம் 110 கி.மீ.க்கு மேல் கூட்டப்படும் தடங்களுக்கு ரயில்வே தானே வேலி போட்டுவருகிறது. உங்கள் பகுதி அதில் இருந்தால், வேலி வரும் முன்பே நடைவழி எங்கே வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிடுங்கள். வேலி வந்த பிறகு கேட்டால் தனித் திட்டம், தனி நிதி.

சுவரும் ஜன்னலும்

ஒலித்தடுப்புச் சுவர் சக்கர இரைச்சலுக்கு நல்லது. ஊதலுக்கு அவ்வளவாகப் பயன்படாது. ஹாரன் எஞ்சினில் உயரத்தில் இருக்கிறது. சுவர் அதைக் கண்ணுக்கு மறைக்கும் உயரம் இருந்தால்தான் ஒலியையும் மறைக்கும். ஆளுயரக் காம்பவுண்டால் தரைத்தளத்துக்கே பாதிப் பலன்தான், மாடிக்கு ஒன்றுமில்லை. மரம் நடலாம், நிழலுக்கும் மனத்துக்கும் நல்லது. ஒலியைக் குறைக்க அது பல பத்து மீட்டர் அகல அடர்ந்த தோப்பாக இருக்க வேண்டும்.

ஜன்னல் பலன் தரும். நன்றாக மூடிய சாதாரணக் கண்ணாடி ஜன்னலே 20 டெசிபலுக்கு மேல் குறைக்கும். தள்ளுகதவு வகை ஓரங்களில் ஒழுகும். ரப்பர் பட்டையோடு அழுந்த மூடும் கதவு வகை மேல். ஜன்னலுக்கு மேலே வெண்டிலேட்டர் திறந்திருந்தால் எவ்வளவு தடிமனான கண்ணாடி போட்டும் வீண். எதையும் வாங்கும் முன் செலவில்லாத ஒன்று: கட்டிலைத் தண்டவாளம் பார்க்காத அறைக்கு மாற்றுங்கள். புதிதாகக் கட்டுபவர்கள் மாடிப்படி, குளியலறை, சமையலறையைத் தண்டவாளப் பக்கம் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த வழியை மட்டும் நம்பச் சொல்ல எனக்கு மனம் வராததற்குக் காரணம் லைன் வீடுகள். தண்டவாளத்தோரம் அதிகம் இருப்பவை அவைதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே அறை, ஒரே ஜன்னல். அதையும் மூடினால் சித்திரை இரவில் மூச்சு முட்டும். வாடகைக்கு இருக்கும் தறித் தொழிலாளி ஒலித்தடுப்புக் கண்ணாடி போடப் போவதில்லை, வீட்டுக்காரரும் போட மாட்டார். ஏசி அறைக்காரர் ஜன்னலை மூடிக்கொண்டு தப்பிவிட்டால், மனுவில் கையெழுத்துப் போடும் ஆளும் குறைந்துவிடுகிறார். கேட்டை எடுப்பதும் வேலியும் நடைவழியும் மட்டுமே எல்லா வீட்டுக்கும் ஒரேபோலப் பலன் தருபவை.

எந்த இடத்துக்கு எது

முதன்மைத் தடத்தில் கேட் அருகே இருப்பவர்கள், கேட்டை எடுத்துவிட்டுப் பாலம் கேளுங்கள். சுரங்கப்பாதை ஒத்துவரும் நிலமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். அது வரும்வரை இன்டர்லாக்கும் தொங்குவலையும். கேட் இல்லாமல் ஆள் நடமாட்டத்தால் ஊதல் வாங்கும் இடங்களுக்கு, வேலியும் நடப்போருக்கான சுரங்கவழியும் ஒரே கோரிக்கையாக. மேட்டுப்பாளையம் தடத்தில் அடுத்தடுத்து வரும் சிறு கேட்டுகளில் இரண்டு மூன்றை இணைத்து ஒரே கீழ்ப்பாலத்துக்குத் திருப்பிவிட முடியுமா என்று பாருங்கள். ஒரு பாலம் மூன்று ஊதலை நிறுத்தும். யார்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய தீர்வு எதுவும் என்னிடம் இல்லை. அங்கே ஜன்னலும் அறை மாற்றமும்தான். ஷண்டிங் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மனு, 2007-ல் உருவான சேலம் கோட்டத்தின் எல்லைக்குள் என்றால் அங்குள்ள கோட்ட மேலாளருக்கு. அதில் கேட் எண், பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண், ஊதல் நோட்டின் நகல், கேட்டைக் கடக்கும் வாகனங்களின் ஒருநாள் கணக்கு ஆகியவை இருக்கட்டும். கேட் மூடப்பட்டதும் அதற்குரிய ஊதல் பலகையையும் அகற்ற வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். நகல், சாலை யாருடையதோ அவர்களுக்கு: நெடுஞ்சாலைத் துறை, மாநகராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியம்.

கேட்டை மூட மாவட்ட நிர்வாகத்தின் இசைவும் வேண்டும், கோப்பு அதிகம் சிக்குவது அங்கேதான். கேட்டுக்கு அந்தப்புறம் காடு வைத்திருப்பவருக்கு அது மாடு ஓட்டிப் போகிற, உழவு டிராக்டர் கொண்டுபோகிற வழி. மூடினால் அவர்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டியவர். இந்தப்புறம் தூக்கம் கெடுபவர்கள் மனுக்கொடுத்த அடுத்த வாரமே, வழி போகிறதே என்று அவரும் கொடுப்பார். அதனால் எழுதும் முன்பே அவர் தோட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். அவருடைய டிராக்டர் எந்த வழியாகப் போகும், கீழ்ப்பாலத்தின் உயரம் எவ்வளவு இருந்தால் போதும் என்பதை அவர் வாயால் கேட்டு எழுதி, இரு பக்கத்தாரின் கையெழுத்தோடு ஒரே மனுவாகக் கொடுங்கள்.